டாமி ஜானின் முழங்கை: காயத்திலிருந்து மீளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாமி ஜான் என்ற பெயரைக் கேட்டதும் இன்று பலருக்கு அந்தப் பெயரால் அழைக்கப்படும் முழங்கை அறுவை சிகிச்சைதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க பேஸ்பாலில் 26 பருவங்கள் ஆடிய அந்த இடக்கைப் பிட்சரின் (பந்து வீசுபவரின்) வாழ்வை ஒரு சிகிச்சைக்குள் சுருக்கிவிடுவதே முதல் தவறு. காயம்பட்ட இளம் வீரர்களும் அவர்களுடைய பெற்றோரும் செய்யும் மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

1974 ஜூலையில், 13 வெற்றி, 3 தோல்வி என்று லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காகச் சிறப்பாக ஆடிவந்த நேரத்தில், அவருடைய இடது முழங்கையின் உட்புறத் தசைநார் (எலும்பை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்தது. செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாணை) எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அவற்றின் வழியே கோத்துக் கட்டினார். ஜான் மீண்டும் களமிறங்க நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு என்பது ஜோபின் கணிப்பு. (எடுக்கப்பட்ட அந்தத் தசைநாண் பலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை, இல்லாததால் கைக்குப் பெரிய குறையும் இல்லை.)

இந்தச் சிகிச்சை பந்தின் வேகத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கை மிக ஆபத்தானது. புதிய தசைநாண் மூட்டை நிலையாகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. சிகிச்சைக்குப் பின் சிலருடைய வேகம் கூடுவதுபோலத் தோன்றினால், மாதக்கணக்கில் தோளுக்கும் காலுக்கும் இடுப்புக்கும் அளிக்கப்படும் ஒழுங்கான பயிற்சியே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். நலமாக உள்ள முழங்கையைக் கத்திக்குக் கொடுப்பதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

அடுத்தது அவசரம். ஜானுக்கு முதல் சிகிச்சைக்குப் பின் நரம்புக் கோளாற்றால் இடக்கை விரல்கள் மடங்கிப்போயின; அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 1975 பருவம் முழுவதும் அவர் ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை. பொருத்தப்பட்ட தசைநாணில் இரத்த ஓட்டம் ஏற்பட்டு, அது தசைநாரைப் போல உறுதிப்பட நெடுங்காலம் ஆகும்; வலி அதற்கு வெகு முன்பே அடங்கிவிடும். வலி போனதைக் குணமானதாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் மறுபடியும் காயப்படுகிறார்கள். இன்றும் பிட்சர்கள் போட்டிக்குத் திரும்ப 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகின்றன.

காயம் கையில்தான் பட வேண்டும் என்பதும் இல்லை. 1934-இல் 30 வெற்றி கண்ட பிட்சர் டிஸ்ஸி டீனுக்கு, சிறந்த வீரர்கள் மோதும் 1937 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஏர்ல் ஏவரில் அடித்த பந்து பட்டுக் கால்விரல் முறிந்தது. அது ஆறுமுன்பே வீசத் தொடங்கிய டீன், காலில் பாரம் விழாதிருக்கத் தம் வீச்சுமுறையை மாற்றிக்கொண்டார். விளைவாக அவருடைய வலது கை கெட்டது. அப்போது அவருக்கு வயது 27 மட்டுமே. பழைய வேகம் திரும்பவே இல்லை.

டீனைப் போலவே ஜானும் தம் வீச்சுமுறையை மாற்றினார். ஆனால் அவர் ஓய்விலிருந்த காலத்தில், உடலியக்கவியலை ஆழ்ந்து கற்ற சக வீரர் மைக் மார்ஷலின் உதவியோடு, அறிந்தே மாற்றினார். ஜான் எப்போதுமே வேகத்தை நம்பியதில்லை என்பதும் அவருக்குத் துணைநின்றது: தாழ்ந்து விழும் சிங்கர் பந்தை மட்டையாளர் தரையோடு அடிக்க, களத்தடுப்பாளர்கள் பிடித்து ஆட்டமிழக்கச் செய்வார்கள். 1976-இல் திரும்பி வந்து 1977, 1979, 1980 ஆண்டுகளில் ஆண்டுக்கு இருபது ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்ற அவர், 46 வயதில், 1989-இல் விலகினார். மொத்த வெற்றிகள் 288, அவற்றுள் 164 சிகிச்சைக்குப் பிந்தையவை. வேகத்தையே முழுதும் நம்பியிருக்கும் ஓர் இளைஞர், இந்த எண்களைத் தமக்கான உத்தரவாதமாகக் கொள்ளக்கூடாது.

சிறுவர்களை வளர்ப்போர் சிகிச்சையைவிட வீசும் பந்துகளின் எண்ணிக்கையில் கருத்தாக இருக்க வேண்டும். அமெரிக்க பேஸ்பால் அமைப்புகளான மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் வகுத்த வழிகாட்டுதலின்படி, 9-10 வயதினர் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேலும், 11-12 வயதினர் 85-க்கு மேலும் வீசக்கூடாது. ஒரே நாளில் இரண்டு அணிகளுக்கு வீசும் சிறுவனின் கணக்கை எந்தப் பயிற்சியாளரும் முழுதாக அறிய மாட்டார். அதைப் பெற்றோரே எழுதிவைக்க வேண்டும்.