ஓடி (ஓவர்டைம்) காசு சரியா வருதான்னு நீங்களே கணக்கு போட்டு பாருங்க

ஃபாக்டரில வேலை பாக்குறவங்க முதல்ல சம்பள சிலிப்ப எடுங்க, பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) கூட்டி, மாசத்து வேலை நாள் கணக்கான 26ஆல வகுங்க, அது ஒரு நாள் கூலி, அத 8ஆல வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோன்னு வந்துரும். ரெண்டும் சேர்ந்து மாசம் 18,720 ரூபான்னு வைங்க, நாளுக்கு 720, மணிக்கு 90. ஓடிக்கு இதுல டபுள், அதாவது 180. 1948 ஃபாக்டரி சட்டத்துல இருந்த ரூல்தான், புது லேபர் கோட்லயும் (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) டபுள்தான். மாசம் 40 மணி நேரம் ஓடி பாத்தா 7,200 வரணும், சிங்கிளா போட்டுட்டா பாதி காசு போச்சு, இது சின்ன தொகையே இல்லங்க.

பஞ்ச் பண்ற நேரத்த தினமும் போன்ல குறிச்சு வைங்க, பேச்சுவார்த்தைனு வந்தா அதான் கைகொடுக்கும்.

தினம் 12 மணி நேரம், வாரம் 4 நாள் ஷிஃப்ட்னு கம்பெனில கேட்டா உடனே தலையாட்டாதீங்க. (2023ல நம்ம சட்டசபைல 12 மணி நேர மசோதா நிறைவேறி, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் ஆச்சே, அந்த பயம் நியாயமானதுதான்.) மிச்ச 3 நாளும் நிஜமாவே லீவான்னு எழுத்துல வாங்குங்க, நைட்ல கம்பெனி பஸ் உண்டான்னும் கேளுங்க.