வான்போர் மேசை விளையாட்டில் வீட்டு விதிகளைச் சோதிக்கும் முறை

முதல் உலகப் போர்க்கால விமானச் சண்டையை மேசைக்குக் கொண்டுவரும் ‘விங்ஸ் ஆஃப் குளோரி’ விளையாட்டில் பகடையும் கிடையாது, கட்டம் போட்ட பலகையும் கிடையாது. ஆந்த்ரேயா ஆஞ்சொலீனோ, பியர் ஜோர்ஜோ பாலியா என்ற இத்தாலியர் இருவர் வடிவமைத்த இது, 2004இல் ‘விங்ஸ் ஆஃப் வார்’ என்று வெளிவந்து, 2012 முதல் இப்போதைய பெயரில் விற்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று இயக்கச் சீட்டுகளை முன்கூட்டியே தேர்ந்து கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு அனைவரும் ஒரே நேரத்தில் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி, அம்புக்குறியின்படி விமானங்களை நகர்த்துவார்கள். நகர்த்தி முடித்ததும், எதிரி விமானம் சுடும் கோணத்துக்குள்ளும் அளவுகோலின் நீளத்துக்குள்ளும் இருந்தால் அதன் உரிமையாளர் சேதச் சீட்டு எடுக்கிறார்; அரை அளவுகோலுக்குள் என்றால் இரண்டு, அதற்கு மேல் என்றால் ஒன்று. எடுத்த சீட்டுகளின் கூட்டுத்தொகை அவருக்கு மட்டுமே தெரியும்.

இவ்வளவு எளிய அமைப்பு என்பதாலேயே, நான்கைந்து ஆட்டங்கள் ஆடியவருக்கு இதில் ஏதாவது சேர்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் இப்படி ஆட்டக்காரர்களே சேர்த்துக்கொள்ளும் புதிய விதியை, அதாவது வீட்டு விதியை, எழுதும் முன் இரண்டு காரியங்களைச் செய்துவிட வேண்டும். விதிப் புத்தகத்தின் விருப்ப விதிகளை முழுதாகப் படியுங்கள். உயரம், குறிவைத்தல், எதிரியின் வாலைப் பிடித்துப் பறத்தல் போன்று நீங்கள் உருவாக்க நினைப்பவற்றில் பாதி அங்கேயே இருக்கும். அடுத்து, உங்கள் விமானத்தின் சீட்டுகளை மேசையில் விரித்துப் பாருங்கள். சாப்வித் கேமல் விமானத்தின் சுழல் எஞ்சின் விசையால் அது இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் வேகமாகத் திரும்பியது என்பதைப் படித்துவிட்டு, அதற்கென ஒரு விதி எழுதத் தோன்றலாம். அந்த வேறுபாட்டை வடிவமைப்பாளர்கள் திருப்பச் சீட்டுகளிலேயே வைத்திருந்தால், உங்கள் விதி அதே விமானத்துக்கு ஒரே குறைக்காக இரண்டாம் முறை தண்டனை விதிக்கும்.

ஒரு விதியை மாற்றும் முன், அது வேறு எதையெல்லாம் தாங்கி நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மிக அதிகமாக முறையீட்டுக்கு உள்ளாகும் வெடிப்புச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். சேதக் கட்டில் இந்தச் சீட்டு வந்தால், அதுவரை ஒரு கீறல்கூடப் படாத விமானமும் உடனே ஆட்டத்தைவிட்டு வெளியேறும். ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்தவர் முதல் தோட்டாவிலேயே வெறும் பார்வையாளர் ஆவதை யாரும் விரும்புவதில்லை. அதனால் பலர் அந்தச் சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்தபின் நடப்பதைக் கவனியுங்கள். நேருக்கு நேர் பாய்ந்து சுட்டுக்கொள்வது அதிகத் தாங்குதிறன் (வீழ்வதற்கு முன் ஏற்கக்கூடிய மொத்தச் சேதம்) கொண்ட விமானத்துக்குப் பாதுகாப்பான வழியாகிவிடுகிறது. ஸ்பாட் 13 போன்ற வலுவான விமானத்தை ஓட்டுபவர் அடிக்கு அடி என்று கணக்குப் போட்டே ஆடலாம். அச்சத்தால் விலகித் திரும்ப வேண்டிய தேவை அவருக்கு இல்லை. சுறுசுறுப்பாகத் திரும்பினாலும் குறைவாகவே அடிதாங்கும் ஃபாக்கர் முத்தட்டு விமானத்துக்கு இதனால் நட்டம்.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். உங்கள் கட்டில் 50 சீட்டுகளும் அவற்றில் ஒரே வெடிப்புச் சீட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் ஆடும் ஆட்டத்தில் மொத்தம் 10 சீட்டுகள் எடுக்கப்பட்டால், வெடிப்பு நிகழும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அதே கட்டை ஆறு பேர் பகிர்ந்து 30 சீட்டுகள் எடுத்தால் அது ஐந்தில் மூன்றாக உயர்கிறது. இருவர் ஆட்டத்தில் அரிதாக வரும் அதிர்ச்சி, கூட்டமான ஆட்டத்தில் ஏறக்குறைய வழக்கமாகிவிடுகிறது என்பதால், உங்கள் குழுவின் அளவுக்கு ஏற்பத்தான் மருந்து தேட வேண்டும். சீட்டை நீக்குவதைவிட, விமானம் தன் தாங்குதிறனில் பாதியை இழந்த பிறகே வெடிப்பு செல்லும், அதற்கு முன் வந்தால் மீதமுள்ள தாங்குதிறனில் பாதி குறையும் என்று வைப்பது நல்லது என்பது என் கருத்து. அச்சம் நீடிக்கும், யாரும் முதல் நிமிடத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ வேண்டியதில்லை.

மூன்று சீட்டுகளை முன்கூட்டித் திட்டமிடுவது புதியவர்களுக்குக் கடினமாக இருக்கிறது என்று, ஒவ்வொரு சீட்டாகத் தேர்ந்தெடுக்க அனுமதிப்போரும் உண்டு. இது பார்வைக்குச் சிறிய மாற்றம். விளைவு மிகப் பெரியது. விமானத்தை வந்த திசைக்கே திருப்பிவிடும் இம்மெல்மான் திருப்பத்துக்கு முன்னும் பின்னும் நேர்ச்சீட்டு வைக்க வேண்டும் என்ற விதியை எண்ணிப் பாருங்கள். மூன்றும் கவிழ்ந்து கிடக்கும்போது, எதிரி திருப்பத்தைக் காணும் நேரத்தில் அவருடைய மூன்றாவது சீட்டு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தால், நீங்கள் அடுத்து நேராகத்தான் பறந்தாக வேண்டும் என்று அறிந்து அவர் உங்களுக்காகவே சீட்டைத் தேர்வார். சுக்கான் ஒரு பக்கம் பழுதானால் அடுத்த சுற்று முழுவதும் அந்தப் பக்கம் திரும்ப முடியாது என்ற தண்டனையும் மூன்று நகர்வுகளிலிருந்து ஒன்றாகச் சுருங்கிவிடும். துப்பாக்கி அடைத்துக்கொண்டால் மூன்று நகர்வுகளுக்குச் சுட முடியாது என்பது மட்டும் அப்படியே நிற்கும். ஒரு நூலை இழுத்ததில் பல தையல்கள் பிரிகின்றன. இந்த மாற்றத்தை நான் பரிந்துரைப்பதில்லை. புதியவருக்கு முதல் இரண்டு சுற்றுகளில் அருகிலிருந்து உதவினாலே போதும்.

மோதல் விதியும் இத்தகையதே. ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் போல்க்கே 1916 அக்டோபரில் தன் அணித் தோழரின் விமானத்துடன் உரசியே உயிரிழந்தார் என்பதால், விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் சேதம் வேண்டும் என்று சிலர் வாதிடுவது இயல்பு. ஆனால் உயர விதி இல்லாத ஆட்டத்தில் அப்படி வருவது, ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் கடந்து போவதையே குறிக்கும். உயரத்தைச் சேர்க்காமல் மோதலைச் சேர்க்காதீர்கள்.

சேர்க்கத் தகுந்தவையும் உள்ளன. நியூபோர் 11 விமானத்தின் மேற்சிறகில் பொருத்தப்பட்ட லூயிஸ் துப்பாக்கி தொடக்கத்தில் 47 தோட்டாக்கள் கொண்ட வட்டப் பெட்டியுடன் வந்தது. அது தீர்ந்ததும் விமானி பறந்துகொண்டே வேறு பெட்டி மாட்ட வேண்டும். இதை விதியாக்க, சில முறை சுட்டபின் ஒரு நேர்ச்சீட்டு ஆடி, அந்த நகர்வில் சுடாமல் இருந்தால்தான் மறுபடி சுடலாம் என்று வைக்கலாம். எத்தனை முறை என்பதை உங்கள் சோதனையே முடிவு செய்யட்டும், ஐந்திலிருந்து தொடங்குங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தாக்கு என்பது போல்க்கே 1916இல் எழுதிய விதிகளில் முதன்மையானது. மேசையின் ஒரு விளிம்பைச் சூரியன் என்று வைத்து, அதை நோக்கிப் பார்க்கும் விமானம் அரை அளவுகோலுக்கு அப்பால் சுட முடியாது எனலாம். இருவரும் அந்த விளிம்பை நோக்கியே ஓடுவது இவ்விதியின் நோய். விமானங்களை நிறுத்திய பிறகு, எந்த விளிம்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால் அது பெரிதும் தணியும்.

இனிச் சோதனைக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். அதே இரண்டு விமானங்களுடன், ஆட்டக்காரர்கள் இடம் மாறி, இரண்டு ஆட்டங்களாவது ஆடுங்கள். சேதச் சீட்டுகளின் தற்செயல் மிகப் பெரியது என்பதால் வெற்றி தோல்வியிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. இதைச் சமாளிக்க, ஆடாத ஒருவரைக் கொண்டு சேதக் கட்டின் வரிசையைக் குறித்து வைக்கச் செய்து, பழைய விதியிலும் புதிய விதியிலும் அதே வரிசையைப் பயன்படுத்தலாம். சலிப்பான வேலைதான், ஆனாலும் அதிர்ஷ்டத்தின் பங்கை ஓரளவு ஒதுக்கிவைக்கும். எத்தனை சுற்றுகள் நீடித்தது, எத்தனை சேதச் சீட்டுகள் எடுக்கப்பட்டன, புதிய விதி எத்தனை முறை நடைமுறைக்கு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைவிட முக்கியமாக, அந்த விதியை எண்ணி யாராவது தம் மூன்று சீட்டுகளில் ஒன்றையேனும் மாற்றித் தேர்ந்தார்களா என்று ஆட்டம் முடிந்ததும் கேளுங்கள். யாருடைய தேர்வையும் மாற்றாத விதி வெறும் கணக்குப்பிள்ளை வேலை. வரலாற்றுக்கு எவ்வளவு பொருந்தினாலும் அதைக் கைவிடுங்கள்.

விதியைத் தாளில் எழுதி, விமானங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அனைவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். நடுவில் ஐயம் எழுந்தால் அந்த ஆட்டத்துக்கு மட்டும் காசு சுண்டி முடிவெடுத்து, ஐயத்தைத் தாளின் ஓரத்தில் குறித்து, திருத்தத்தை அடுத்த ஆட்டத்துக்கு ஒத்திவையுங்கள். தோற்றுக்கொண்டிருப்பவர் சொல்லும் திருத்தமும் வென்றுகொண்டிருப்பவர் சொல்லும் மறுப்பும் அந்த நேரத்தில் ஒரே தரத்தன. முதன்முறை ஆட வருபவர் இருக்கும் நாளில் வீட்டு விதி எதுவும் வேண்டாம்.