தாலி கட்டும் அந்தப் பத்து விநாடி

மாலை மாற்றுவதைத் தவறவிட்டால் இன்னொரு தடவை மாற்றச் சொல்லலாம். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. நண்பரின் கல்யாணத்தைப் படமெடுக்க ஒப்புக்கொண்டவர், கெட்டிமேளம் முழங்கும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடியை வைத்தே மற்றதைத் திட்டமிட வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அதே மண்டபத்தில் ரிசப்ஷன் என்றால் அதுவே ஒத்திகை. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 விநாடியில் வைத்து மேடையை நாலைந்து படம் எடுத்துப் பாருங்கள். குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் எல்இடி விளக்குகள்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். 1/100க்கு இறக்கினால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம், அதைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலில் ஷட்டர் 1/100, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி, முகத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி முகங்களை இருட்டாக்கிவிடும். சிவப்புக் கூறைப்புடவையில் வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சினாலும் பட்டின் நெசவே தெரியாது. வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். பிறகு திருத்த வசதியாக, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலாகவே எடுங்கள். ஹோமப் புகை எழும்போது ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெண்படலம் படரும்.

எங்கே நிற்பது என்பதுதான் பலர் கோட்டைவிடும் இடம். பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார் விளக்கோடு நிற்பார், முடிச்சும் போடுவார். அங்கே உங்களுக்கு இடமில்லை. மணமக்களுக்கு எதிரே, மேடை விளிம்பில், அவர்கள் கண்மட்டத்துக்குக் குனிந்து நில்லுங்கள். வீடியோக்காரரிடம் முந்தின இரவே பேசி இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். சடங்கின் வரிசை வீட்டுக்கு வீடு மாறும், அதை ஐயரிடமே கேட்டு எழுதி வையுங்கள். கனத்த மாலை தாலியை மறைக்கும். கட்டுவதற்கு முன் அதைச் சற்று விலக்கிவிடும்படி தோழியிடம் சொல்லி வையுங்கள்.

மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றி ஆசி வாங்கி மேடைக்குத் திரும்பியதும் இடத்தைவிட்டு நகராதீர்கள். ஐயர் மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்துவார். அதுதான் சைகை. ஃபோகஸ் பெண்ணின் முகத்தில் ஏற்கெனவே பூட்டியிருக்க வேண்டும். அந்த நேரம் கேமராவை ஃபோகஸ் தேட விட்டால் குறுக்கே பறக்கும் அட்சதையைப் பிடித்துக்கொள்ளும். தாலியை உயர்த்திக் காட்டுவது, கழுத்தருகே கைகள், முதல் முடிச்சு என்று விடாமல் எடுங்கள். முடிச்சு விழுந்ததும் பெண்ணைப் பெற்றவர்கள் பக்கம் திரும்புங்கள். அந்த முகங்கள் ஆல்பத்தில் அவசியம் இருக்க வேண்டும்.

குடும்பப் படங்களுக்கு எஃப் 5.6 போதும். மூன்று வரிசை நின்றால் ஒரே நிலையில் மூன்று படமாவது எடுங்கள், யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். உறவு தெரிந்த ஒருவர் இரண்டு வீட்டிலிருந்தும் கூடவே நிற்கட்டும். பந்தியில் பரிமாறும்போது எடுங்கள், சாப்பிட ஆரம்பித்ததும் நகர்ந்துவிடுங்கள்.

கூடுதலாக இரண்டு பேட்டரி, ஒரு மெமரி கார்டு வேண்டும். முகூர்த்தத்துக்குச் சற்று முன்பே புது பேட்டரியும் காலிக் கார்டும் போட்டுவிடுங்கள். படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றித் திறந்து பார்க்கும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.