பெல்லெட் அடுப்புக்கான புகைக்குழாயைத் தேர்ந்தெடுத்தல்

குளிர்நாட்டில் புதிதாகக் குடியேறி, முதல் குளிர்காலத்துக்கு முன்பாகப் பெல்லெட் அடுப்பு (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளான பெல்லெட்டுகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) வாங்க நினைப்பவர்கள், அடுப்புக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது அதன் புகைக்குழாய்க்கும் கொடுக்க வேண்டும்.

விறகடுப்பின் புகை தன் சூட்டினாலேயே மேலே இழுக்கப்படுவதால், இணைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் பெரும்பாலும் அறைக்காற்று குழாய்க்குள் போகுமே தவிர, புகை அறைக்குள் வராது. பெல்லெட் அடுப்பிலோ ஒரு மின்விசிறி புகையைத் தள்ளி வெளியேற்றுகிறது. குழாய்க்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், இணைப்பில் மெல்லிய கீறல் விழுந்தாலும் நுண்சாம்பலும், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் வீட்டுக்குள் கசியும்.

ஆகவே பெல்லெட் அடுப்புக்கென்றே சான்றளிக்கப்பட்ட குழாயை மட்டும் வாங்குங்கள். இது பெரும்பாலும் உள்ளே துருப்பிடிக்காத எஃகும், வெளியே துத்தநாகம் பூசிய தகடும், நடுவில் காற்றிடைவெளியும் கொண்ட இரட்டைச் சுவர்க் குழாய். எரிவாயுச் சூடேற்றிக்கான குழாயும் வெளிப்பார்வைக்கு இப்படியேதான் இருக்கும். ஆனால் அதன் உட்சுவர் அலுமினியம் என்பதால் இந்தப் புகைக்கு ஆகாது. விலை குறைவு என்று யார் சொன்னாலும் அதை வாங்காதீர்கள். துணி உலர்த்தியின் நெளிகுழாயைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: அமெரிக்காவில் யூஎல் 641 என்ற தர எண்ணும், ஐரோப்பாவில் இஎன் 1856 என்ற எண்ணுடன் அழுத்தத்தைத் தாங்கும் வகுப்பின் குறியும் இருக்க வேண்டும்.

அடுத்தது விட்டம். 3 அங்குலமா 4 அங்குலமா என்பதை அடுப்பின் வாய் மட்டும் முடிவு செய்வதில்லை. குழாயின் ஒவ்வொரு பகுதியும் புகையை எவ்வளவு தடுக்கிறது என்பதை அடிகளாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். வட அமெரிக்கக் கையேடுகள் பலவற்றில் உள்ள கணக்கு இது: 90 பாகை வளைவுக்கும் டீ இணைப்புக்கும் (T வடிவ இணைப்பு) தலா 5 அடி, 45 பாகை வளைவுக்கு 3 அடி, கிடைக்குழாயில் ஒவ்வோர் அடிக்கும் 1 அடி, செங்குத்துக் குழாயில் ஒவ்வோர் அடிக்கும் அரை அடி. கூட்டுத்தொகை 15 அடியைத் தாண்டினால் 4 அங்குலக் குழாய் தேவை. ஒரு டீ, ஒரு 90 பாகை வளைவு, 8 அடி செங்குத்து, 2 அடி கிடை என்று வைத்துக்கொண்டால், நேர்க்குழாயின் நீளம் 10 அடிதான். கணக்கோ 16 அடி ஆகிவிடுகிறது. உங்கள் அடுப்பின் கையேடு வேறு எண்களைத் தந்தால் அவையே முடிவானவை.

குழாயைச் சுவர் வழியாக நேரே வெளியே விடுவதைச் சில கையேடுகள் அனுமதிக்கின்றன. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரம் நின்று விசிறி ஓய்ந்தால், எரிந்துகொண்டிருக்கும் பெல்லெட்டின் புகைக்குப் போக வழியில்லாமல் அது அறைக்குத் திரும்பும். சில அடி செங்குத்துக் குழாய் இருந்தால் இயற்கை இழுவையே அதை வெளியேற்றிவிடும். அடியில் கழற்றக்கூடிய மூடியுள்ள டீ இணைப்பை அடுப்பின் பின்புறத்தில் வைத்தால், சாம்பலை அங்கிருந்தே எடுக்கலாம்.

ஒரே நிறுவனத்தின் பாகங்களையே வாங்குங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் பூட்டுகள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்துவதில்லை. கசிவைத் தடுக்கும் வளையம் பொருத்திய குழாயானாலும், அடுப்போடு சேரும் முதல் இணைப்புக்கு உயர்வெப்பச் சிலிக்கோன் பூச வேண்டியிருக்கும். குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் அதற்கென விற்கப்படும் சுவர்க்கூட்டையே (சுவரில் பதித்துக் குழாயை நுழைக்கும் உறை) பொருத்தி, மரச்சட்டத்திலிருந்து குழாயின் மேல் குறித்துள்ள இடைவெளியை விடுங்கள். வெளிமுனை சன்னலுக்கு அருகில் வரக் கூடாது.

வாடகை வீடானால் உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலையும், சொந்த வீடானால் உள்ளூராட்சியின் அனுமதியையும் காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனைகளையும் குழாய் வாங்குமுன்பே கேட்டறியுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, அடுப்பை முதன்முறை பற்றவைப்பதற்கு முன்பே படுக்கையறைகளுக்கு அருகில் இருக்க வேண்டும்.