தெம்போயாக் போட்டு ஒரு மீன் குழம்பு

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் டுரியான் பழம் மலிவாகக் கிடைக்கும் நேரமும் எங்கள் வீட்டில் மீன் வாங்காத நேரமும் ஒன்றாகத்தான் வரும். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை பழக்காலம், நடுவில் ஆடி. தோட்டத்துக் கோயிலில் காப்புக் கட்டியதும் மாமியார் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். கூழ் ஊற்றி, திருவிழா முடிந்து, காப்பு அவிழ்க்கும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது. லாசா சாலைப் பக்கம் ஒராங் அஸ்லி பூர்வகுடிகள் கொண்டுவரும் கம்போங் டுரியான் (நாட்டு டுரியான்) குவிந்து கிடப்பதும் அப்போதுதான். அதனால் பழத்தை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து, விரதம் முடிந்ததும் புளிக்குப் பதிலாக மீன் குழம்பில் ஊற்றுகிறோம். புளித்த டுரியானுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் தெம்போயாக். பகாங் மாநிலத்தில் தெமெர்லோ பக்கம் பாத்தின் என்ற ஆற்று மீனில் இதைப் போட்டுச் செய்வது பெயர் பெற்றது. எனக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சீ என்போம். குழம்பு மட்டும் நம் கைப்பக்குவம்.

முதலில் பழம். விலை உயர்ந்த மூசாங் கிங் ரகம் வாங்கி இதைச் செய்யாதீர்கள், காசைக் கரைப்பதுதான் மிச்சம். கம்போங் டுரியானே போதும், அதிலும் நன்றாகக் கனிந்து குழைந்தது. மழை விடாமல் பெய்த வாரத்தில் விழுந்த பழத்தில் சுளை நீர்த்துப் போய்ச் சப்பென்று இருக்கும். சாப்பிட ஆள் இருக்காது. வியாபாரி அதை ஓரமாக ஒதுக்கி, 'லெலோங், லெலோங்' (மலிவு விற்பனை) என்று கூவித் தள்ளிவிடப் பார்ப்பார். நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் ஓடு வெடித்து வெயிலில் கிடந்ததை எடுக்க வேண்டாம். உள்ளே புழு துளைத்த சுளையை அந்த இடம் மட்டும் வெட்டிச் சேர்க்காமல் முழுதாகவே எறிந்துவிடுங்கள்.

கையிலும் கரண்டியிலும் ஈரம் கூடாது. கொட்டையை நீக்கி, சுளையை மட்டும் வழித்தெடுங்கள். அரைக் கிலோ சதைக்குத் தலை தட்டிய இரண்டு தேக்கரண்டி உப்பு. கலக்கிக் கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். பழைய கோப்பித்தூள் போத்தல் இருந்தால் சுடுநீரில் கழுவி வெயிலில் காயவைத்தது நல்லது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். வாய்வரை நிரப்பாமல் கால் பங்கு இடம் விடுங்கள். தயிரைப் புளிக்க வைக்கும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. கூடவே வாயுவும் கிளம்பும், இறுக்கி மூடினால் போத்தலே வெடிக்கலாம். தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி மறுபடி மூடுங்கள். மக்சீ இரண்டு ஊசி மிளகாயைக் காம்போடு உள்ளே போடுவார், சீக்கிரம் புளிக்குமாம். நான் போடுவதில்லை, குழம்பில்தான் போகப்போகிறதே.

அடுப்பு மேடையில் வெயில் படாத மூலையில் வையுங்கள். நம்மூர்ச் சூட்டுக்கு மூன்று நாளிலேயே வாசனை திரும்பிவிடும். பழத்தின் இனிப்பு வாசம் பின்னே போய், மூக்கில் ஏறும் ஒரு புளிப்பு முன்னே வரும். சதை தளர்ந்து, பொடிக் குமிழ்கள் ஏறி, மேலே கொஞ்சம் நீர் நிற்கும். அது கெட்டதின் அடையாளம் இல்லை, கலக்கிவிட்டால் போதும். ஐந்தாம் நாள் சுத்தமான கரண்டியால் நுனியளவு தொட்டு நாக்கில் வையுங்கள். புளிப்பு பிடித்திருந்தால் ஐஸ்பெட்டிக்கு மாற்றிவிடலாம், அங்கே மாதக்கணக்கில் இருக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் கண்டால், மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். மொத்தமும் குப்பைக்கு.

இனி குழம்பு. "டுரியானை யாராவது மீனில் போடுவாங்களா?" என்று கேட்ட என் மாமியார் இப்போது, "காப்பு அவுத்தாச்சு, போத்தலை எடு" என்கிறார்.

பாத்தின் மீன் ஒரு கிலோ. சேற்று வாடை போக உப்பும் எலுமிச்சைச் சாறும் தேய்த்துச் சற்று வைத்துக் கழுவுங்கள். பாத்தின் பிடிக்காதவர்கள் கெம்போங் (கானாங்கெளுத்தி வகை) வாங்கலாம், ஆனால் பாத்தினின் கொழுப்புதான் இந்தப் புளிப்போடு சேர்ந்து குழம்புக்கு உடம்பு தரும். பத்துப் பன்னிரண்டு ஊசி மிளகாய், விரல் நீளப் பச்சை மஞ்சள், ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு ஆகியவற்றை அரைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை தாளியுங்கள். விழுதைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். தட்டிய செரை (எலுமிச்சைப்புல்) இரண்டு தண்டு போட்டு, மூன்று கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் நான்கு மேசைக்கரண்டி தெம்போயாக்.

இங்கேதான் கவனம் வேண்டும். டுரியானில் சர்க்கரை அதிகம், தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கும். குறைத்து வைத்து, அடிவரை துடுப்பால் கிண்டிக்கொண்டே பத்து நிமிடம் விடுங்கள். முதலில் திப்பியாக மிதக்கும். கரைந்து, வெளிர் மஞ்சளாகித் துடுப்பின் முதுகில் மெல்லியதாக ஒட்டும்போது பச்சை வாசம் போயிருக்கும். அப்போது மீனைப் போடுங்கள், பிறகு துடுப்பு வேண்டாம், சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், தெம்போயாக்கிலேயே பாதி உப்பு இருக்கிறது. புளி, தக்காளி, கறிமசாலை எதுவும் வேண்டாம். மசாலைத்தூள் போட்டால் டுரியான் எங்கேயென்று தேட வேண்டியிருக்கும்.

இறக்கும் முன் ஒரு மஞ்சள் இலையைச் சுருட்டி முடிச்சுப் போட்டு உள்ளே அமிழ்த்துங்கள். பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் கிழங்கை வாசலில் ஊன்றி வைத்தவர்களுக்குக் கடை அலைச்சல் இல்லை, இந்த நேரத்தில் இலை தளதளவென்று நிற்கும். சுடுசோறு, பொரித்த நெத்திலி, பக்கத்தில் பெத்தாய் (காட்டமான வாசமுள்ள அவரை வகைக் கொட்டை). அவ்வளவுதான். தேங்காய்ப்பால் ஊற்றுவோரும் உண்டு. எனக்கு அது திகட்டும்.

வழித்தெடுத்த கொட்டையை எறிய வேண்டாம். பச்சையாகச் சாப்பிடக் கூடாது. உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் வேகவைத்துத் தோலுரித்து, பலாக்கொட்டை வறுவல் போலவே மிளகாய்த்தூள் சேர்த்து வறுக்கலாம். வழவழப்பு கொஞ்சம் இருக்கும், மொறுமொறுவென்று வறுத்தால் தெரியாது. விரதத்துக்கும் ஆகும் என்பதால் ஆடியில் எங்கள் வீட்டில் முதலில் தீர்வது இதுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். போத்தலை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். திறந்த பாலும் தயிரும் அந்தப் பக்கமே வேண்டாம், மறுநாள் கோப்பியிலும் டுரியான் மணக்கும்.