முள்ளை எடுத்த பிறகும் இறங்கிய டயர்

கமுதிப் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவனுக்குச் சீமைக்கருவேல முள் புதிதில்லை. மழைக்கு முன் கரிசலை உழப் போனால் வரப்போரம் வெட்டிப் போட்ட முள் எப்படியும் டயருக்கு வந்துவிடும். என் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பழைய ஓனர் முன்சக்கரம் இரண்டுக்கும் டியூப்லெஸ் போட்டிருந்தார். பின்னால் வழக்கமான டியூப் டயர்தான்.

போன புரட்டாசியில் இடது முன் டயர் தினமும் காலையில் சப்பிக் கிடந்தது. தேடிப் பார்த்தேன், முள் ஒன்று கிடைத்தது. பிடுங்கி, ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரியான ஸ்ட்ரிப் போட்டு, வேலை முடிந்தது என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் மறுபடி சப்பை. டியூப்லெஸ்ஸில் ஒரு ஓட்டை கிடைத்ததும் தேடுவதை நிறுத்தக்கூடாது. நான் நிறுத்தினேன், இரண்டு நாள் உழவு போனது.

முதலில் காற்றை 30 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். டயர் பக்கவாட்டில் அதற்குக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த அளவோடு நிறுத்திவிடுங்கள். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைச் சொம்புத் தண்ணீரில் கலந்து பழைய பிரஷ்ஷால் தடவுங்கள். துணி சோப்பைவிட இதில் நுரை நிற்கும். முதலில் வால்வு வாய், பிறகு வால்வின் அடிப்பாகம், அதன்பின் டயர் பட்டை, கடைசியில் ரிம்மும் டயரும் சேரும் ஓரம், இரண்டு பக்கமும். தரையில் அழுந்தியிருக்கிற பகுதியை மறந்துவிடுவோம். வண்டியை அரைச் சுற்று நகர்த்தி அதையும் பாருங்கள்.

நுரை வருகிற விதமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். முள் ஓட்டையில் ஒரே இடத்தில் தவளை முட்டை மாதிரி குமிழ் குவியும். ரிம் கசிவில் ஒரு சாண் நீளத்துக்குக் கடுகு கொட்டியதுபோலப் பொடிப்பொடியாக வரும், அதுவும் மெதுவாக. தடவிவிட்டு ஒரு பீடி பிடிக்கிற நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். எனக்கு உள்பக்க ஓரத்தில்தான் கடுகு கொட்டியிருந்தது. முதல் நாள் நான் வெளிப்பக்கத்தோடு எழுந்துவிட்டேன். கிடைத்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

முள் ஓட்டை என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. குறட்டால் பிடுங்கும்போது முள் எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனியுங்கள். அரம் வைத்த ஊசியை அதே சாய்வில் விட்டு நாலைந்து முறை மேலும் கீழும் இழுங்கள். ஸ்ட்ரிப்பைக் காது வைத்த இன்னொரு ஊசியில் பாதிவரை கோத்து, சொல்யூஷன் தடவி, வெளியே ஒரு விரல் அகலம் மிஞ்சும்வரை அழுத்தி, ஊசியைச் சுழற்றாமல் நேராகச் சடக்கென்று உருவுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் விட்டு வெட்டினால் போதும். இது பட்டைக்கு மட்டும்தான். பக்கவாட்டில் ஓட்டை விழுந்தால் ஸ்ட்ரிப் போட்டு ஏமாறாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

இனி ரிம் கசிவு. அரை நாள் வேலை. பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, பிறகு ஜாக்கி போடுங்கள். அச்சுக்கு அடியில் கெட்டியான மரக்கட்டைகளை அடுக்குங்கள். செங்கல் வைக்காதீர்கள், பாரத்தில் நொறுங்கிவிடும். சக்கரத்தைக் கழற்றியதும் முதல் காரியம் வால்வுக்குள் இருந்து காற்றை அடைத்து வைக்கிற வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுசாக விடுவது.

அப்புறம் பீடை இறக்க வேண்டும். பீடு என்பது ரிம்மைக் கவ்வுகிற, கம்பி வைத்த ஓரம். சுத்தியலால் அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் மச்சான்தான் வழி சொன்னார்: சக்கரத்தை டிரெய்லர் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டு, ரிம்மை ஒட்டி டயர்மேல் ஒரு பலகை, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஜாக்கி. டிரெய்லரில் பாரம் இருக்க வேண்டும், வெறும் டிரெய்லர் தூக்கிக்கொள்ளும். ஜாக்கியை ஏற்ற ஏற்ற பீடு முனகிக்கொண்டு உள்ளே போகும். சுற்றிலும் நாலு இடத்தில் அழுத்தி, திருப்பிப் போட்டு மறுபக்கமும் செய்யுங்கள்.

டயரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ரிம்மைப் பார்த்தேன். பீடு உட்காரும் தடம் முழுக்கத் துரு, அப்பளம் மாதிரி விரல் பட்டாலே உதிர்ந்தது. பழைய ஓனர் எருவும் யூரியாவும் ஏற்றிய வண்டியைக் கழுவியதே இல்லைபோல. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் நகம் தட்டாத அளவுக்கு வழவழப்பாக்கினேன். ஆழமான பள்ளமோ கீறலோ இருந்தால் ரிம்மை மாற்றுவதுதான் சரி. பீடிலும் துரு ஒட்டியிருக்கும், ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ரிம்முக்கு மெல்லிசாகப் பிரைமர் ஒரு பூச்சு, ராத்திரி முழுக்க காயட்டும். தடிமனாகப் பெயிண்ட் அடித்தால் பெயர்ந்துகொண்டு அதுவே புதுக் கசிவாகும். வால்வு அடியில் ரப்பர் வெடித்திருந்தால் இந்தச் சமயத்திலேயே புதுசு போட்டுவிடுங்கள்.

பீடு சீலர் என்று கறுப்பாக ஒரு டப்பா கிடைக்கும். ரிம் தடத்தில் மெல்லிசாகப் பூசினால் போதும், அது ஈரமாக இருக்கும்போதே காற்றடிக்க வேண்டும். சீலர் இல்லையென்றால் சோப்புத் தண்ணீர். கிரீஸ், டீசல், பழைய ஆயில் எதுவும் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும்.

காற்றடித்தால் முதலில் எல்லாம் புஸ்ஸென்று வெளியே போகும். சின்ன 12 வோல்ட் பம்பு இதற்கு ஆகாது, டேங்க் வைத்த கம்ப்ரஸர் வேண்டும். வால்வு பின் போடாமலே அடித்தால் காற்று வேகமாக உள்ளே போகும். டயர் பட்டையின் நடுவில், லாரியில் சுமை கட்டுகிற பெல்ட்டைச் சுற்றி இறுக்குங்கள், பீடு இரண்டும் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். காற்று நிற்க ஆரம்பித்ததும் பெல்ட்டை அவிழ்த்துவிடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி ஏற்றுகிற வித்தையை யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், டயரே வெடிக்கும்.

பீடு ஏறும்போது டொப், டொப் என்று இரண்டு சத்தம். அப்போது முகத்தை டயரின் பக்கவாட்டுக்கு நேராக வைத்திருக்கக்கூடாது. நீளமான ஹோஸ், மாட்டிவிட்டுத் தள்ளி நிற்கிற மாதிரி கவ்வும் வாய், நீங்கள் பட்டையின் பக்கம். 35 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. அதற்குள் ஏறவில்லையா, காற்றை முழுக்க விட்டு, மறுபடி சோப்பு தடவி ஆரம்பியுங்கள். ஏறிய பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடுகிற கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் பீடு சரியாக உட்காரவில்லை.

பின்னைப் போட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் காற்றைச் சரிசெய்து, ஷாம்புத் தண்ணீரை இன்னொரு முறை முழுசாகத் தடவுங்கள். நான் உள்பக்க ஓரத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். வட்டம் போட்ட இடம் ஒன்றிலும் நுரை இல்லை. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு இன்னொரு சுற்று முடுக்குங்கள். மறுநாள் விடியலில் கேஜ் வைத்துப் பார்த்தபோது முந்தின சாயங்காலம் இருந்த அளவே இருந்தது. அன்றைக்குப் பார்த்து வலது டயரில் ஒரு முள்.