குவில்ட் போர்வைக்குள் பேட்டிங்குக்குப் பதிலாக ஃபிளானல்

குவில்ட் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு: மேலே துண்டுத் துணிகளை இணைத்த வேலைப்பாடு, கீழே அடித்துணி, நடுவே பஞ்சைப் படலமாக விரித்து அழுத்திய பேட்டிங். (கிரிக்கெட் பார்க்கும் வீட்டில் இந்தச் சொல்லுக்குத் தனி விளக்கம் தேவைப்படும்.) இரவிலும் 25 பாகை செல்சியஸை ஒட்டியே வெப்பம் நிற்கும் சிங்கப்பூரில், அந்தப் பஞ்சு பெரும்பாலும் மிகையாகிவிடுகிறது. ஏர்கான் அறையில் போர்த்திக்கொள்ள மெல்லிய போர்வை போதும் என்பவர்கள், நடு அடுக்காகப் பருத்தி ஃபிளானலை வைத்துத் தைக்கலாம். பழைய நூல் சேலையை நான்காக மடித்துக் குழந்தைக்கு விரித்த பாட்டிமார்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஃபிளானல் என்பது மேற்பரப்பின் இழைகளைச் சுரண்டிப் பொசுபொசுப்பாக்கிய நெசவுத் துணி. அராப் ஸ்திரீட்டிலோ சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் கட்டடத்திலோ துணிக்கடைகளில் கேட்கும்போது, பருத்திதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பாலியெஸ்டர் துணியும் தொடுவதற்கு அப்படியே இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. ஐயம் இருந்தால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதைப் போல மணந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். நிறம் வெள்ளையாகவோ வெளிர்நிறமாகவோ இருக்கட்டும், ஏனெனில் அச்சிட்ட ஃபிளானலின் பூக்கள் மேல்துணியின் வெள்ளைக் கட்டங்கள் வழியே தெரியும்.

துணியின் அகலம் பெரும்பாலும் 110 செ.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால், ஒட்டுப்போடாமல் முடியாது. 120-க்கு 150 செ.மீ. அளவுள்ள போர்வையை எடுத்துக்கொள்வோம். தைக்கும்போது அடுக்குகள் சற்றே நகரும் என்பதால், நடு அடுக்கு ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக, அதாவது 130-க்கு 160 ஆக இருக்க வேண்டும். இணைப்பு போர்வையின் குறுகிய பக்கத்துக்கு இணையாக வரும்படி இரண்டு நீளங்களை வெட்டினால் 3 மீட்டர் போதும். நீளவாக்கில் வெட்டினால் ஏறத்தாழ அரை மீட்டர் கூடுதலாகச் செலவாகும்.

இவ்வேலையில் தவறவே கூடாத கட்டம் துணியைச் சுருக்குவதுதான். பருத்தி ஃபிளானல் துவைத்தால் 5 முதல் 10 விழுக்காடு வரை சுருங்கும். மேலே சொன்ன 3 மீட்டர் அதையும் சேர்த்த கணக்கு. என் முதல் போர்வையில் அவசரப்பட்டுத் துவைக்காமல் தைத்தேன். முதல் சலவையிலேயே உள்துணி உள்ளிழுக்க, ஏற்கெனவே துவைத்திருந்த மேல்துணி அப்பளம்போல் பொங்கி நின்றது. ஆகவே வெட்டிய ஓரங்களை ஸிக்ஸாக் தையலால் கட்டிவிட்டு, 60 பாகை வெந்நீரில் இருமுறை துவைத்து, நன்றாக உலர்த்தி, இழுக்காமல் அழுத்தி இஸ்திரி போடுங்கள். உதிரும் பஞ்சுத்தூசு நிறையச் சேரும் என்பதால், சலவை இயந்திரத்தின் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். மேல்துணியில் பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) துண்டுகளோ அடர்சிவப்போ இருந்தால், அவற்றையும் சாயம் போகாத வரை தனியே அலசிவிடுங்கள்.

பிறகு இரு துண்டுகளின் ஓரக்கரைகளையும் வெட்டி நீக்கி, ஒன்றின்மேல் ஒன்று 1 செ.மீ. ஏறும்படி வைத்து, இரு விளிம்புகளிலும் ஸிக்ஸாக் ஓட்டுங்கள். சாதாரணத் தையலிட்டு மடித்தால் அந்த இடம் தடித்துக் கோடாகத் தெரியும். அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, ஓரங்களில் ஒட்டுநாடா போட்டு, அதன்மேல் ஃபிளானலையும் மேல்துணியையும் பரப்பி, ஒரு கை அகல இடைவெளியில் ஊக்குகளைக் குத்துங்கள். பொசுபொசுப்பு பிற துணிகளைப் பற்றிக்கொள்வதால், பஞ்சைவிட இதில் அடுக்குகள் நழுவுவது குறைவு. ஆனால் சாய்வாகப் பிடித்து இழுத்தால் ஃபிளானல் நீளும். அப்படி நீண்ட மூலையை மறுபடி சதுரமாக்குவது பெரும்பாடு.

இயந்திரத்தில் 90/14 அளவு ஊசி, வாக்கிங் ஃபுட் (மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒருசேர நகர்த்தும் அழுத்துபாதம்), 3 மி.மீ. தையல் நீளம் ஆகியவை பொருந்தும். பாபினில் (கீழ்நூல் சுற்றிய உருளை) நூல் தீரும் ஒவ்வொரு முறையும் அதன் கூட்டைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். பேட்டிங் பஞ்சு உள்ளே திரண்டுவிடாமல் இருக்க நெருக்கமாகத் தைக்க வேண்டியிருக்கும். ஃபிளானல் நெசவுத் துணி என்பதால் 20 செ.மீ. இடைவெளி விட்டாலும் கலையாது. அதற்கு விலையும் உண்டு: தையல்களுக்கிடையே பஞ்சு தரும் உப்பல் எழாது, எனவே நுணுக்கமான பூவேலைத் தையல் இதில் எடுபடாமல் வீணாகும். நேர்கோடுகளே எனக்குப் பிடித்தவை. கையால் தைப்பவர்களுக்கு ஊசி பஞ்சில் செல்வதைப்போல இலகுவாகச் செல்லாது; தடித்த நூலால் பெரிய ஓட்டுத்தையல் இடுவதே விரலுக்கு நல்லது.

ஏர்கானை 20 பாகையில் வைத்துத் தூங்குபவர்கள் இரண்டு அடுக்கு ஃபிளானல் வைக்கலாம். அடித்துணியே ஃபிளானல் என்றால் நடு அடுக்கைத் தவிர்த்துவிடலாம். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலில் மட்டும் இதையோ வேறெந்தப் போர்வையையோ போடாதீர்கள்.

விளிம்புப் பட்டி தைத்து முடித்த போர்வை ஈரத்தில் நன்றாகவே கனக்கும். டிசம்பர் மழைக்காலத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் உலர்த்தும்போது, இரண்டு மூங்கில் கழிகளின்மேல் குறுக்காக விரித்துப் போட்டால், நடுவில் காற்று புகுந்து ஈரவாடை பிடிப்பதற்குள் காய்ந்துவிடும்.